மாரிக் குளிரும் வெயிலும்: வறளும் தோலைக் காப்பது எப்படி?

மாரி மழை சற்று ஓய்ந்து, தை மாதப் பனியும் வாடைக்காற்றும் தொடங்கியதும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வீடுகளில் எழும் முறைப்பாடு ஒன்றுதான். முகம் இழுக்கிறது, கை சொரசொரக்கிறது, குதிகால் வெடிக்கிறது. "இந்தக் குளிரில் வெயில் என்ன செய்துவிடும்?" என்று குடையையும் மறந்துவிடுகிறோம். உண்மை வேறு.

குளிர் வேறு, கதிர் வேறு

நம் உடலில் படும் சூடு ஒன்று. தோலைக் கெடுக்கும் புறஊதாக் கதிர் இன்னொன்று. காற்று குளிர்ந்தாலும் கதிர் குறைவதில்லை. மெல்லிய மேகத்தையும் அது ஊடுருவும். கல்முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 22ஆம் திகதி நடுப்பகலில்கூட இங்கே சூரியன் 59 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் லண்டனில் 15 பாகைதான்! கடற்கரை மணலும் கதிரைத் திருப்பி அனுப்பும். பெரும்போக வேளாண்மையில் களை பிடுங்கும் சகோதரிகளும், கரைவலை இழுக்கும் சகோதரர்களும் இதை மனதிற்கொள்ள வேண்டும்.

வறட்சி ஏன்?

தோலின் மேற்படையிலுள்ள எண்ணெய்ப் பசைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கொதிநீர்க் குளிப்பும் அதிக சவர்க்காரமும் அதைக் கழுவிவிடுகின்றன. அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் மேலும் நலியும். முகத்தில் மங்கு இருந்தால் கருமை கூடும்.

செய்ய வேண்டியவை

வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளியுங்கள். ஈரம் முற்றாகக் காயுமுன் வசலின் அல்லது வாசனையற்ற கிரீம் பூசுங்கள். வுழூச் செய்தபின் முகத்தையும் கையையும் ஒற்றித் துடைத்து, மீண்டும் சிறிது தடவுங்கள்.

வெயிலுக்கு முதற்காவல் உடைதான். முக்காடும் நீண்ட கையும் மறைக்கும் இடத்திற்குப் பூச்சு தேவையில்லை. திறந்திருக்கும் முகம், கைகளுக்கு எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன் கிரீமை வெளியே போவதற்கு கால் மணி நேரம் முன் பூசுங்கள். தொடர்ந்து வெயிலில் நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். நீர் படாதவாறு படலமாக நிற்கும் பூச்சை வுழூவுக்கு முன் கழுவி நீக்குங்கள். உம்றா, ஹஜ் செல்வோர் இஹ்ராமில் வாசனையற்றதையே பாவிக்க வேண்டும். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூச்சு வேண்டாம், நிழலே போதும்.

வெள்ளை மோகம் வேண்டாம்

வெயிலில் கறுத்த முகத்தை ஒரே வாரத்தில் வெளுக்க வைப்பதாகச் சொல்லும் கிரீம்களை நம்பி, கலியாணத்துக்கு முன் எத்தனை பிள்ளைகள் பூசுகிறார்கள்! இவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது தோல்வழி உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணியின் வயிற்றுச் சிசுவையும் தாக்கும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை பாதரச வெளுப்புப் பூச்சுகளுக்குத் தடை விதிக்கிறது. வேறு சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து இருக்கும். அது தோலை மெலிய வைக்கும். தயாரித்தவர் பெயரும் உள்ளடக்கமும் அச்சிடாத டப்பாவை வாங்காதீர்கள்.

வெளிறிய படையில் தொட்டால் உணர்ச்சி இல்லையெனில் அதை வறட்சி என்று விட்டுவிட வேண்டாம். தொழுநோயாகவும் இருக்கலாம். வெட்கப்படாமல் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முற்றாகக் குணமாக்கும் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது.

நம் தோலும் அதன் நிறமும் அல்லாஹ் தந்த அமானிதம். நிறத்தை மாற்ற முயலாமல் அதன் நலத்தைப் பேணுவோமாக!