பீஸ்ட் குவேக் ஓட்டம்

பீஸ்ட் குவேக் என்பது அமெரிக்கக் கால்பந்து வரலாற்றில் பெரிதும் பேசப்படும் ஓர் ஓட்டம் ஆகும். 2011 ஜனவரி 8 அன்று சியாட்டில் நகரில் நடந்த போட்டியில், சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் மார்ஷான் லிஞ்ச் பந்தைச் சுமந்துகொண்டு 67 கெஜம் (சுமார் 61 மீட்டர்) ஓடி டச் டவுன் எடுத்தார். அப்போது அரங்கில் எழுந்த ஆரவாரம், அருகிலிருந்த நில அதிர்வுமானியில் பதிவானது. 'பீஸ்ட் மோட்' என்பது லிஞ்சின் பட்டப்பெயர். பீஸ்ட் என்றால் மிருகம். அதனுடன் நிலநடுக்கத்தைக் குறிக்கும் குவேக் என்ற சொல்லைச் சேர்த்து இப்பெயரை இட்டனர்.

பின்னணி

சீஹாக்ஸ் அந்தப் பருவத்தில் 7 போட்டிகளில் வென்று 9 போட்டிகளில் தோற்றிருந்தது. அதன் பிரிவில் இருந்த எந்த அணியும் அதைவிட நன்றாக ஆடாததால், பிரிவின் முதலிடம் அதற்குக் கிடைத்தது. முழுப் பருவம் ஆடிய ஓர் அணி, வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக இருந்தும் பிரிவில் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. இத்தகைய அணிக்கு இறுதிச் சுற்றுகளில் இடம் தரலாமா என்ற கேள்வி பலமாக எழுந்தது. எதிரில் வந்ததோ முந்தைய ஆண்டு சூப்பர் பவுல் பட்டம் வென்ற நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். லிஞ்சும் அப்போது பெரிய நட்சத்திரம் அல்லர். பஃபலோ பில்ஸ் அணியில் முதன்மை இடத்தை இழந்து, 2010 அக்டோபரில்தான் சியாட்டிலுக்கு மாற்றப்பட்டிருந்தார்.

ஓட்டம்

ஆட்டம் முடிய நான்கு நிமிடம்கூட இல்லை. சியாட்டில் 34–30 என்று முன்னிலையில் இருந்தது. பந்து அதன் சொந்த 33 கெஜக் கோட்டில் இருந்தது. வீசிய பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். பந்துடன் ஓடுபவர் களத்துக்குள்ளேயே வீழ்த்தப்பட்டால் கடிகாரம் தொடர்ந்து ஓடும். ஆகவே முன்னிலையில் உள்ள அணி அந்நேரத்தில் ஓடவே பார்க்கும். இது எதிரணிக்கும் தெரியும். அழைக்கப்பட்ட ஆட்டமுறையின் பெயர் '17 பவர்'. 'பவர்' வகை ஓட்டத்தில், முன்வரிசைக் காவலர் ஒருவர் தம் இடத்தை விட்டு மறுபக்கம் வந்து, ஓடுபவருக்கு வழி திறப்பார். பள்ளி அணிகளும் ஆடும் சாதாரண முறைதான் இது. நான்கைந்து கெஜம் கிடைத்தாலே போதும் என்று ஆடப்படுவது.

தொடக்கத்திலேயே செயின்ட்ஸ் வீரர்கள் லிஞ்சைச் சூழ்ந்துகொண்டனர். ஸ்காட் ஷான்லியின் பிடி நழுவியது. அடுத்தடுத்து நீண்ட கைகளும் நிற்கவில்லை. முந்தைய சூப்பர் பவுலில் பேட்டன் மானிங் வீசிய பந்தை இடைமறித்து ஓடி, செயின்ட்ஸின் வெற்றியை உறுதிசெய்தவர் டிரேசி போர்ட்டர். அவரை லிஞ்ச் ஒரு கையால் தள்ளிய வேகத்தில் அவர் தரையில் விழுந்தார். குவாட்டர்பேக் மாட் ஹாசல்பெக்கும் பருத்த உடலுடைய முன்வரிசை வீரர்களும் கூடவே ஓடிவந்து தடுத்து உதவினர். ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது இவர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முடிவில் லிஞ்ச் பின்புறமாகத் தாவி எல்லைக்கோட்டுக்குள் விழுந்தார்.

செயின்ட்ஸ் பின்னர் ஒரு டச் டவுன் எடுத்தும், சியாட்டில் 41–36 என வென்றது. அன்று லிஞ்ச் 19 ஓட்டங்களில் எடுத்தது 131 கெஜம். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஓட்டத்தில் வந்தது.

நிலம் அதிர்ந்தது எப்படி?

இது உண்மையான நிலநடுக்கம் அன்று. நிலநடுக்கம் பூமிக்கு அடியில் பாறைகள் நழுவுவதால் உண்டாவது. இங்கே அதிர்வு மேலிருந்து வந்தது. 66,000 பேர் அளவுக்குத் திரண்டிருந்த கூட்டம் ஒரே நேரத்தில் குதித்தபோது, அந்த அசைவு இருக்கை அடுக்குகள் வழியாக அடித்தளத்துக்கும் அங்கிருந்து மண்ணுக்கும் இறங்கியது. அரங்கு அமைந்த பகுதி முன்பு கடலோரச் சேற்று நிலமாக இருந்து, மண் கொட்டி மேடாக்கப்பட்டது. இத்தகைய இளகிய நிலம் கெட்டிப் பாறையைவிட எளிதில் அசையும். பசிபிக் வடமேற்கு நில அதிர்வு வலையமைப்பு இந்தப் பதிவை வெளியிட்டது. இதற்கு முன்னோடியும் உண்டு: 1988 அக்டோபர் 8 அன்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஆபர்ன் அணியை 7–6 என வென்றபோது, அப்பல்கலைக்கழகத்தின் அதிர்வுமானியிலும் கூட்டத்தின் குதியாட்டம் பதிவாகியிருந்தது.

பின்னர்

சியாட்டில் அடுத்த வாரமே சிகாகோ பேர்ஸ் அணியிடம் 35–24 எனத் தோற்றது. லிஞ்ச் அவ்வணியின் முதுகெலும்பாக வளர்ந்தார். 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுல் பட்டமும் கிடைத்தது. மறு ஆண்டு, 2015 பிப்ரவரி 1 அன்று, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கு எதிரான சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தில் சியாட்டிலுக்கு வெற்றிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கெஜம். பந்தை லிஞ்சிடம் கொடுக்காமல் வீசினார்கள். மால்கம் பட்லர் அதை இடைமறித்துப் பிடித்தார். சியாட்டில் 28–24 எனத் தோற்றது.