கோள்கள் சாட்சி சொல்லுமா?

“பிரபஞ்சம் விரிகிறதென்றால் பூமியும் சூரியனை விட்டு விலகுகிறதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விலகுகிறது, ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில். ஆனால் பழியைப் பிரபஞ்சத்தின் மேல் போட வேண்டாம். சூரியன் ஒளியாகவும் சூரியக் காற்றாகவும் நிறையை இழக்கிறது, பிடி தளர்கிறது, அவ்வளவுதான்.

விரிவை முடுக்கிவிடும் இருண்ட ஆற்றலுக்குச் சமன்பாட்டில் அண்டவியல் மாறிலி என்று பெயர். அது செய்கிற வேலை வேறு. 1917-ல் ஐன்ஸ்டைன் அதைத் தன் ஈர்ப்புச் சமன்பாட்டில் சேர்த்தார், 1931-ல் கைவிட்டார், 1998-ல் சூப்பர்நோவாக்களை ஆராய்ந்தவர்கள் தூசு தட்டி எடுத்தார்கள். வரலாறு இது போதும். அது தரும் விலக்கு விசை தூரம் கூடக் கூடும், நாளாக ஆகக் கூடாது. ஆகவே பாதை விரிந்துகொண்டே போகாது. கோளின் தாளம்தான் பிசகும்.

கோளுக்கு இரண்டு தாளங்கள். சூரியனை ஒரு முறை சுற்றிவர ஆகும் நேரம் ஒன்று. கிட்டே வந்து, எட்டப் போய், மறுபடி கிட்டே வர ஆகும் நேரம் மற்றொன்று. நியூட்டனின் ஈர்ப்பில் இரண்டும் அச்சாக ஒன்றே. அதனால்தான் நீள்வட்டம், சிக்குக் கோலத்தின் இழை போல, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. விலக்கு விசையைத் துளி கலந்தால் இரண்டும் மந்தப்படும். ஆனால் கிட்டத்தில் வந்துபோகும் தாளம் நான்கு மடங்கு அதிகமாக மந்தப்படும். கோள் முழுச் சுற்றைத் தாண்டிய பிறகே அண்மைப் புள்ளியைத் தொடும். இழை மூடாது, மயிரிழை முன்னே நகரும். நூறு ஆண்டு அதே இழைமேல் மாவு இட்டால் பிசகு தெரிய வேண்டும். தொல்லை என்னவென்றால், பக்கத்துக் கோள்கள் கோலத்தை மிதிக்கின்றன, சிறுகோள்கள் எறும்பு போல மாவை இழுக்கின்றன.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலால் புதனின் அண்மைப் புள்ளி நூற்றாண்டுக்கு 43 ஆர்க் செகண்ட் நகர்கிறது. அந்த 43-ஐக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் கோடியால் வகுத்து, பிறகு நூறாலும் வகுங்கள். மாறிலியின் பங்கு ஏறக்குறைய அதுதான். சனிக்கு இது சுமார் 120 மடங்கு. ஆனால் சனி ஒரு சுற்றுச் சுற்ற 29 ஆண்டு ஆகும். அதன் பாதையைத் துல்லியமாக அளக்க உதவிய காசினி விண்கலமோ 2004 முதல் 2017 வரைதான் அதைச் சுற்றிவந்தது, பாதிச் சுற்றுகூட இல்லை.

மௌரோ செரெனோ, பிலிப் ஜெட்சர் என்ற இரு இயற்பியலாளர்கள், மாறிலி எவ்வளவு வரை இருக்கலாம் என்று 2006-ல் கணக்குப் போட்டார்கள். பூமியும் செவ்வாயும்தான் சூரியக் குடும்பத்தில் ஆகக் கறாரான வரம்பைத் தந்தன. அந்த வரம்பே விண்மீன் மண்டலங்களைப் பார்த்துக் கண்ட மதிப்பைவிட சுமார் ஆயிரம் கோடி மடங்கு பெரிது. அதாவது, ‘மாறிலி இதற்கு மேல் இருக்க முடியாது’ என்று கோள்கள் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. வெளிக்கோள்களின் தூரத்தை ரேடியோவால் துல்லியமாக அளந்தால் பத்தாயிரம் மடங்கு முன்னேறலாம் என்றார்கள். அப்போதும் பத்து லட்சம் மடங்கு பாக்கி. ஆகவே ‘சூரியக் குடும்பத்தில் இருண்ட ஆற்றல் சிக்கியது’ என்று யாராவது தலைப்புப் போட்டால், பேசாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.