சாப்பிட்டுவிட்டு ஃபேரர் பார்க் வரை நடப்போம்

“அக்கா, யோகா செஞ்சா நீரிழிவு மாத்திரையை நிறுத்திடலாமா?” வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். நிறுத்தவே கூடாது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு. அந்த மாத்திரைக்கு உடம்பும் ஒத்துழைக்க வேண்டாமா? அதற்குத்தான் பாயை விரிக்கச் சொல்கிறேன்.

தாதியாக இருந்து ஓய்வுபெற்ற நான், எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். நம்மவர்களிடையே ‘இனிப்பு நீர்’ என்றால் யாரும் திடுக்கிடுவதே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம். 2010 தேசியச் சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, சீனர்களில் 9.7. அரசாங்கம் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. பிறகு பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் தரக்குறியீடும் வந்தது. தேக்கா நிலையத்தில் நம் பெரியவர்கள் ‘தே ஓ கோசோங்’ கேட்டு வாங்குவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் தசைக்கு வேலை கொடுக்க நாம் இன்னும் பழகவில்லை.

இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரந்தாலும் தசைகள் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. சர்க்கரையை உள்ளே எடுத்துச்செல்லும் புரதங்களைத் தசை உயிரணுவின் மேற்பரப்புக்கு வரவழைப்பது இன்சுலினின் வேலை. தசை சுருங்கி விரிந்து உழைக்கும்போது, இன்சுலின் அழைக்காமலேயே அவை மேலே வந்துவிடுகின்றன! உடற்பயிற்சி முடிந்தும் ஓரிரு நாள் தசைகள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும், ஆனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வியர்க்க விறுவிறுக்க நடந்தால் போதாது.

ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு முடித்தவுடன் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறாதீர்கள். ஃபேரர் பார்க் நிலையம் வரை நடந்துபோய் ஏறுங்கள். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் அந்த நேரத்தில், பத்துப் பதினைந்து நிமிட நடைக்கே பலன் உண்டு. வெயிலா? சிராங்கூன் சாலைக் கடைகளின் அஞ்சடியில் நிழல் இருக்கிறது.

யோகா என்றால் கண்ணை மூடி உட்காருவது மட்டும் என்று நினைப்பவர்களிடம் உத்கடாசனம் செய்யச் சொல்வேன். இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் நின்றால் தொடை நடுங்கும். பெரிய தசைகள் உழைக்கின்றன என்று அர்த்தம். மூச்சுப் பயிற்சிக்கும் சவாசனத்துக்கும் வேறு வேலை. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல், கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றத் தூண்டும். மனம் அமைதியானால் அது தணிய வழியுண்டு. யோகா பற்றிய ஆய்வுகள் பலவும் சிறியவை. மருந்தோடு சேரும்போது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஓரளவு இறங்குவதை அவை காட்டுகின்றன. அற்புதம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னும் நோய் வராமல் எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குச் சென்னையிலிருந்து வந்த சேதி பெரிய நம்பிக்கை. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு 2006இல் வெளியானது. நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 விழுக்காடு. ஆய்வில் இருந்தவர்கள் நம் சோறும் இட்லியும் சாப்பிடும் மக்கள்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் சர்க்கரை 4 mmol/L அளவுக்குக் கீழே போயிருக்கலாம். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சிரசாசனம் வேண்டாம். கால் மரத்துப்போனவர்கள் நடக்கக் காலணி அவசியம். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் சூடு அந்தப் பாதங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டவர்கள், இப்போதே பலதுறை மருந்தகத்தில் பாதத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். வெறுங்காலோடு நடக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.