பழகிப்போன பிரேக்

“ஏம்மா, பிரேக்கே பிடிக்கலையே?” என்று கேட்டால், “அது அப்படித்தாண்ணே, எனக்குப் பழகிருச்சு” என்பார்கள். மதுரை செல்லூரில் ஸ்கூட்டர் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவன் நான். இந்தப் பதிலைக் கேட்காமல் ஒரு வாரம் போனதில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. பிரேக் ஷூ ஒரே நாளில் தேய்வதில்லை. அது துளித்துளியாகத் தேயத் தேய, கையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாய் அழுத்தப் பழகிக்கொள்கிறது. காற்று மெல்ல இறங்குகிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடம்பு மறுபக்கம் சாய்ந்து சரிக்கட்டிவிடுகிறது. அதனால்தான் வண்டியின் குறை அதன் சொந்தக்காரருக்குக் கடைசியில் தெரிகிறது. இரவல் வாங்கிப் போகிற மச்சான் தெருமுனை தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே, வண்டி நன்றாக இருக்கிறதா என்று உங்கள் கையையும் காலையும் கேட்காதீர்கள். ஒரு எண், ஒரு கோடு, ஒரு அம்புக்குறி, ஒரு சுவர் போதும். அவற்றுக்கு எதுவும் பழகிப்போகாது. வாரம் ஒருமுறை வண்டி துடைக்கிற நேரத்திலேயே இதையெல்லாம் பார்த்துவிடலாம்.

காற்று

புல்லட் சக்கரம் தாண்டிப் போகிற பள்ளத்தில் ஸ்கூட்டரின் 10, 12 அங்குலச் சக்கரம் இறங்கி ஏறும். அந்தச் சின்னச் சக்கரத்துக்குக் காற்றுதான் பலம். பல 110 சிசி ஸ்கூட்டர்களுக்கு முன்னால் 22, பின்னால் தனியாகப் போனால் 29, ஆளை ஏற்றினால் 36 பிஎஸ்ஐ என்ற கணக்கை ஒட்டியே அளவு இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் கூடவே வந்த புத்தகத்தில் இருக்கிறது. பங்க்கில் “நாப்பது வைப்பா” என்று இரண்டு டயருக்கும் பொதுவாகச் சொல்பவர்கள் உண்டு. முன்டயரில் காற்று அளவுக்கு மீறினால் தரையில் படிகிற ரப்பர் குறைந்துபோகும். ஈர ரோட்டிலும் மணல் கிடக்கிற திருப்பத்திலும் அதன் விளைவு தெரியும்.

டயர் சூடானால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கூடிவிடும். காலையில், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பங்க்கில் பார்ப்பதே சரி. டியூப்லெஸ் டயர் வந்தபிறகு ஒரு புதுச் சிக்கல் உண்டு. ஆணி ஏறினாலும் டயர் உடனே உட்காராது; ஆணியே அடைப்பாக நின்று நாள்கணக்கில் ஓடும். வாராவாரம் ஒரே டயரில் மட்டும் காற்று இறங்கினால் அந்த டயரைச் சுற்றித் தடவிப் பாருங்கள்.

அப்படித் தடவும்போது இன்னும் இரண்டைப் பார்க்கலாம். டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணமோ ‘டிடபிள்யூஐ’ என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராக மேலே போனால் பட்டனின் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். அடுத்தது, நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்த டயர். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் பட்டன் புதிதுபோல இருக்கும். ரப்பரோ கெட்டிப்பட்டு, பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். அது பார்வைக்கு மட்டும் நல்ல டயர்.

பிரேக்

கியர் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டாலே இன்ஜின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த இழுப்பு குறைவு. வேகம் ஓரளவு இறங்கியதும் கிளட்ச் தானாக விட்டுவிடும். அதன்பிறகு வண்டி சும்மா உருளும். நிறுத்துகிற வேலை முழுக்க பிரேக்கின் தலையில்தான்.

டிரம் பிரேக் வண்டியாக இருந்தால் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து பாருங்கள். பிரேக் கேபிள் ஒரு சின்னக் கையில் போய் முடியும். அதன் நுனியில் ஒரு நட்டு இருக்கும். லீவர் தளர்ந்தால் மெக்கானிக் இந்த நட்டைத்தான் திருகி டைட் செய்வார். லீவர் புதுசுபோல ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஷூ ஆகாது. பல வண்டிகளில் அந்தக் கையின் அடியில் ஓர் அம்புக்குறியும், எதிரே உலோகத்தில் ஒரு குறியும் இருக்கும். ஒருவர் லீவரை முழுக்க அழுத்தட்டும். நீங்கள் கீழே பாருங்கள். அம்பு அந்தக் குறியைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது. அம்பு இல்லாத வண்டியில் அந்த நட்டே சாட்சி. மரை முடிகிற இடம்வரை அது ஏறியிருந்தால் இனி டைட் வைத்துப் பயனில்லை. டிஸ்க் பிரேக் என்றால் ஹேண்டில்பாரில் இருக்கும் சிறு கண்ணாடியில் பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ் என்ற கூட்டு பிரேக் கட்டாயமானது. அத்தகைய ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தாலே முன்சக்கரத்திலும் கொஞ்சம் பிரேக் விழும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலர் வலது லீவரைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். தொடாத கேபிளில் துரு ஏறி இறுகும். அவசரத்தில் நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் வரும். அப்போது அதிகம் உதவுவது அந்த முன்பிரேக்தான். இன்ஜினை அணைத்து, நடக்கிற வேகத்தில் வண்டியைத் தள்ளி, வலதை மட்டும் பிடியுங்கள். பிறகு இடதை மட்டும். இரண்டும் தனித்தனியாக வண்டியை நிறுத்த வேண்டும். விட்டதும் லீவர் சட்டென்று திரும்ப வேண்டும்.

ஹேண்டில்பார், ஆக்சிலேட்டர்

இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் அது டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். நீங்கள் கையால் திருப்பிவிட வேண்டியிருந்தால் அன்றைக்கே கடைக்கு வாருங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல், பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து ஹேண்டில்பாரை முழு இடம், முழு வலம் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. இன்ஜினை அணைத்து, ஒருவர் பின்னால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். நடுவில் ஓரிடத்தில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் ஹேண்டில்பாரைத் திரும்பவைக்கிற பேரிங், அதாவது கோன்செட், போய்விட்டது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு, இன்ஜின் ஓட ஓட மருந்துக் கடை முன்னால் இறங்குகிறார்கள். கியர் இல்லாத வண்டியில் பிஞ்சுக் கை ஆக்சிலேட்டரைப் பிடித்துத் தொங்கினாலே வண்டி பாயும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகே இறங்குங்கள்.

விளக்கு

2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. நம் கண்ணில் படாதது பின்விளக்கு. ராத்திரி வண்டி உள்ளே விடும்போது பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, வலது லீவரையும் இடது லீவரையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். லீவருக்கு ஒரு சுவிட்ச் உண்டு. எதைப் பிடித்தாலும் சுவரில் சிவப்பு கூட வேண்டும். ஒன்றுக்குக் கூடி மற்றதற்குக் கூடாவிட்டால் பல்பு நல்லது, சுவிட்ச் பழுது. பல நாள் நின்ற வண்டி என்றால் சீட்டைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். வயரையும் பெட்ரோல் டியூபையும் எலி கடிப்பது எங்களுக்கு வாடிக்கையான வேலை. பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஆயில், ஏர் ஃபில்டரையெல்லாம் சர்வீஸ் நாளில் பார்த்துக்கொள்ளலாம். அவை வண்டியின் ஆயுள் சம்பந்தப்பட்டவை. ஃபுட்போர்டில் ஏற்றுகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் உங்கள் ஆயுள் சம்பந்தப்பட்டது. அதை வைத்த பிறகு, கிளம்புமுன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேனில் இடித்தால் திருப்பத்திலும் இடிக்கும்.

மெக்கானிக்கிடம் வரும்போது “ஜெனரல் சர்வீஸ் பண்ணிடுங்க” என்று மட்டும் சொல்லிப் போகாதீர்கள். “அம்பு குறிகிட்ட வந்துருச்சு”, “வலது லீவருக்கு லைட் எரியலை” என்று கண்டதைச் சொல்லுங்கள். எங்களுக்கும் எந்த நட்டில் கை வைப்பது என்று தெரியும். மாற்றிய பழைய ஷூவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்குகிற கடைக்கு அடுத்த முறை போக வேண்டாம். மாதம் ஒருநாள் வீட்டில் வேறு யாரையாவது உங்கள் வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். அவர் இறங்கி வந்து குறை சொன்னால், சமாதானம் சொல்லாமல் நேராக ஒர்க்ஷாப்புக்கு விடுங்கள்.