இயந்திர வாசிப்பும் மனித லயமும்

மேலைத்தேய மரபிலே ஏட்டில் எழுதப்படும் சுரக்குறிப்பு இசையன்று, இசைக்குரிய கட்டளை. எந்தச் சுரம் ஒலித்தல் வேண்டும், எவ்வளவு நேரம் நிற்றல் வேண்டும் என்பவற்றை அது கூறும். எங்கே சற்றுத் தயங்குவது, எங்கே விரைவது என்பவற்றைப் பெரும்பாலும் கலைஞரின் அறிவுக்கே விட்டுவிடும். நெடுங்காலம் இதனால் இடர் எதுவும் நேரவில்லை. ஏனெனில் ஏட்டைப் படித்தவர் மனிதர்.

இன்று அவ்வேட்டைக் கணினியும் படிக்கின்றது. 1993ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர் இருவர் வெளியிட்ட சிபேலியஸ், 2016ஆம் ஆண்டில் வெளிவந்த டொரிகோ முதலிய மென்பொருள்கள் சுரக்குறிப்பை எழுத உதவுவதோடு, எழுதியதை உடனே ஒலித்தும் காட்டுகின்றன. பிழை காண்பதற்கு இது பேருதவி. ஆயினும் அவ்வொலியைக் கேட்பவர், சுரம் சரி, தாளமும் சரி, உயிர்தான் இல்லை என்பர். இக்குறைக்குக் காரணம் யாது?

நிமிடத்துக்கு 120 அடி என எழுதினால், ஒவ்வோர் அடிக்கும் அரைச் செக்கன் எனக் கணினி வகுத்துக்கொள்ளும்; அதினின்றும் இம்மியும் பிசகாது. மனிதர் அவ்வாறு வாசிப்பதில்லை. அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும் பியானோவின் சுத்தியல்கள் அசைவதைப் படம்பிடித்து அளந்தனர். தேர்ந்த கலைஞர் ஏட்டுக் கணக்கினின்றும் ஓயாது விலகுகின்றனர் என்பதை அவர்கள் கண்டனர். அவ்விலகல் கைத்தவறு அன்று. அதே கலைஞர் அதே பகுதியை மறுமுறை வாசிக்கும்போதும் ஏறக்குறைய அவ்வாறே விலகுகின்றார். 1938ஆம் ஆண்டில் சீஷோர் வெளியிட்ட இசை உளவியல் நூல் இத்தகைய அளவைகளை விரித்துரைத்தது.

இவ்வுண்மையைப் பாதியளவில் அறிந்தவர் செய்யும் முதற்காரியம், ஒவ்வொரு சுரத்தையும் கண்மூடித்தனமாகச் சிறிது முன்னோ பின்னோ தள்ளிவிடுமாறு கணினியைப் பணித்தலாகும். அதனால் மனிதச் சாயல் வாராது. கை நடுங்குபவர் வாசிப்பது போன்ற ஒலியே வரும். 2011ஆம் ஆண்டில் ஜேர்மனிய ஆய்வாளர் சிலர் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்குகின்றது. தாளக் கலைஞரின் சிறு பிசகுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல. இப்போதைய விலகல், நெடுநேரத்துக்கு முன் நேர்ந்த விலகல்களோடும் உறவுடையது. அவ்வுறவு பேணப்பட்ட இசையையே கேட்போரும் விரும்பினர்.

ஆகவே, விலகலுக்கு ஒரு நியாயம் வேண்டும். வியன்னா நகரின் வால்ட்ஸ் நடன இசை இதற்கு நல்ல சான்று. யொஹான் ஸ்ட்ராவுஸின் நீல டானியூப் 1867ஆம் ஆண்டில் அரங்கேறியது. அதன் ஏட்டில் மூன்று அடிகளும் சமமாகவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் வியன்னாக் கலைஞர், பக்கவாத்தியத்தின் இரண்டாம் அடியைச் சற்று முந்தியே எடுப்பர். நடனமாடுவோரைச் சுழலச் செய்யும் துள்ளல் அதனாற் பிறக்கின்றது. சிபேலியஸ் மென்பொருளில் இவ்வழக்குக்கெனவே ஒரு தெரிவு உண்டு. அத்தெரிவை இட்டால் ஏடு மாறாது, ஒலி மாறும்.

இத்தகைய நியாயங்களைத் தேடி எடுத்தவர்கள் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள். ஸ்டொக்ஹோம் நகரில் பேராசிரியர் ஜொஹான் சுண்ட்பேர்க் குழுவினர் விநோதமான ஒரு முறையைக் கையாண்டனர். லார்ஸ் பிரீடேன் என்னும் வயலின் ஆசிரியர் முன்னிலையில் கணினி வாசிக்கும். மாணவனைத் திருத்துவதுபோல அவர் அதனைத் திருத்துவார். திருத்தம் ஒரு விதியாக எழுதப்பட்டு மீண்டும் செவியாற் சோதிக்கப்படும். குறுஞ்சுரத்தை மேலும் குறுக்குக, இசைத்தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைத் தளர்த்துக என்பன போன்ற விதிகள் இவ்வாறு பிறந்தன. 1999ஆம் ஆண்டில் சுண்ட்பேர்க்கும் அண்டேர்ஸ் பிரிபேர்க்கும் இன்னும் ஒன்று காட்டினர்: இசை முடிவில் வேகம் தணியும் பாங்கு, ஓடிவருபவர் கால் தளர்ந்து நிற்கும் பாங்கை ஒத்திருக்கின்றது. இசையின் காலவுணர்ச்சி உடலின் அசைவோடு உறவுடையது என்பதற்கு இது ஒரு சான்று.

பல வாத்தியங்கள் சேரும்போது இடர் பெருகும். ஒவ்வொரு வாத்தியமும் தன்போக்கில் தயங்கினால் நெறியாளர் இல்லாத குழுவாகிவிடும். ஆகவே முதன்மைக் குரலின் காலப்போக்கை ஏனையவை பின்பற்றுதல் வேண்டும். மேலும், கலைஞரின் கண் கைக்கு முன்னே செல்லும். அடுத்து வருவதை அறிந்தே அவர் இப்போதைய சுரத்தை இசைக்கின்றார். நோட்பெர்போமர் என்னும் மென்பொருள் இதனைப் பின்பற்றி, ஏறக்குறைய ஒரு செக்கன் முன்னதாக ஏட்டைப் படித்துக்கொண்டே ஒலி எழுப்புகின்றது.

இவையெல்லாம் வெறும் அலங்காரம் எனக் கருதுதல் தவறு. பெரிய வாத்தியக் குழுவை அமர்த்த வசதியற்ற இளம் இசையாக்குநர், தம் படைப்பை முதன்முதற் கேட்பது கணினியின் வாயிலாகவே. உயிரற்ற ஒலியைக் கேட்டு, நல்ல பகுதியொன்றைப் பயனற்றதென அவர் நீக்கிவிடக்கூடும். இதனினும் கேடானது ஒன்று உண்டு. கணினியை இணங்கச் செய்யும் பொருட்டு அடிக்கொரு வேகக் குறியை ஏட்டில் நிரப்பினால், அதனைப் பின்னர் கையிலெடுக்கும் வயலின் கலைஞர் குழம்பிப்போவார். அவர் தாமாகவே அழகுறச் செய்யக்கூடிய தயக்கத்தை, எண்களைப் பார்த்துக் கடனுக்குச் செய்வார்.

இதற்குப் பரிகாரம் எளிது. செவிக்குரிய கட்டளைகளையும் கண்ணுக்குரிய கட்டளைகளையும் வேறுபிரித்து வைத்தல் வேண்டும். வேகக் குறிகளை அச்சில் தோன்றாவண்ணம் மறைத்து வைக்கலாம். 2009ஆம் ஆண்டு முதல் சிபேலியஸில் இன்னொரு வழியும் உண்டு: இசையாக்குநர் தம் விரலால் விசையைத் தட்ட, கணினி அவ்வேகத்தையே பின்பற்றி வாசிக்கும். விதிகள் பல வகுத்தும் எய்தற்கரிய நயத்தை, தாளமறிந்த ஒரு விரல் சில நிமிடங்களில் அளித்துவிடும்.

இயந்திரம் தானாக உணர்ந்து தயங்குவதில்லை; தயங்கவேண்டிய இடத்தை அறிந்தவர் சொல்லியே அது தயங்குகின்றது. ஆதலால் கணினியை நன்கு வாசிக்கச் செய்ய விரும்புபவர், முதலில் அப்பகுதியைத் தாமே பாடிப் பார்த்தல் நன்று. எங்கே மூச்சு வாங்குகின்றதோ, எங்கே குரல் தயங்குகின்றதோ, அங்கேதான் கணினிக்கும் கட்டளை தேவை.