பலகையில் எழுதிய பெயர்

'புரோஸ்கிரைப்' என்று ஓர் ஆங்கில வார்த்தை உண்டு. ஒரு நூலையோ ஸ்தாபனத்தையோ சர்க்கார் விலக்கி வைத்தால், உத்தியோகத் தோரணையுடன் இந்தச் சொல்லைப் பிரயோகிப்பார்கள். கேட்பதற்குக் கௌரவமான சொல்தான். ஆனால் அதன் குலங்கோத்திரத்தை விசாரித்தாலோ இரத்த வாடை வீசுகிறது!

இது லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. 'புரோ' என்றால் முன்னே. 'ஸ்கிரீபெரே' என்றால் எழுதுதல். பலரும் அறிய எழுதி வைப்பது என்பதே மூல அர்த்தம். சொத்து விற்பனைக்கு வருகிறது என்று விளம்பரம் செய்வதற்கும் ரோமாபுரியில் இந்தச் சொல்லே வழங்கியது.

கி.மு. 82-ல் ஸல்லா என்னும் சேனாபதி உள்நாட்டுப் போரில் வென்று ரோமாபுரியின் சர்வாதிகாரியானான். தன் விரோதிகளின் பெயர்களைப் பலகையில் எழுதி நகரின் பொது இடத்தில் வைக்கச் செய்தான். அதில் பெயர் ஏறியவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கொன்றவனுக்குத் தண்டனை இல்லை, வெகுமதி உண்டு. அடைக்கலம் கொடுத்தவனுக்கோ மரண தண்டனை. சொத்து ஏலத்துக்குப் போகும். பிள்ளைகளும் பேரன்மாரும் பதவி வகிக்க முடியாது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, எழுத்தே தீர்ப்பு! கி.மு. 43-ல் மறுபடியும் இத்தகைய ஜாபிதா வெளியானபோது, நாவன்மை படைத்த ஸிஸரோவும் அதற்கு இரையானார்.

ஆகவே, தடை வேறு, இது வேறு. 'இதைச் செய்யாதே' என்று ஒரு காரியத்தை நிறுத்துவது தடை. ஒருவனையே சட்டத்தின் நிழலுக்கு வெளியே தள்ளிவிடுவது 'புரோஸ்கிரைப்'. நாளடைவில் இச்சொல்லின் கூர் மழுங்கி, நூல்களை விலக்குவதற்கும் வழங்கலாயிற்று.

அந்தப் பலகையின் நிழல் நம் வீட்டு அலமாரி வரையில் விழுந்ததுண்டு. 1928-ல் பர்மா சர்க்காரைப் பின்பற்றிச் சென்னை சர்க்காரும் பாரதியாரின் தேசிய கீதங்களைப் பறிமுதல் செய்தது. கவி காலமாகி ஏழு வருஷங்கள் ஆகியிருந்தன! சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி அதைக் கண்டித்து முழங்கினார். 1949-ல் சென்னை அரசாங்கமே அக்கவியின் நூலுரிமையைப் பெற்று நாட்டின் சொத்தாக்கியது. பறித்த கையே பாதுகாக்க நேர்ந்தது!

இன்றும் நம் நாட்டில் அரசாங்கம் ஒரு நூலைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் அதற்குரிய காரணத்தை உத்தரவில் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் ஹைகோர்ட்டில் முறையிடலாம். ஸல்லாவின் பலகையில் பெயருக்கு இடம் இருந்தது. காரணத்துக்கு இடம் இல்லை. எனவே, எதையேனும் விலக்கியதாகப் பத்திரிகையில் படிக்கும்போது, முதலில் காரணம் எங்கே என்று தேடுங்கள். அது எழுதப்படாத இடத்தில், பழைய பலகைதான் மறுபடியும் நிற்கிறது.