வயலிலிருந்து நேரடி ஒளிபரப்பு

செய்முறைக் காட்சி நடைபெறும் வயலுக்கு நேரில் வர இயலாத குடியானவர்கள், தத்தம் வீட்டிலோ பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ இருந்தவாறே அதனைக் கண்டு, அப்பொழுதே சந்தேகம் கேட்டறிவதற்கு இணையவழி நேரடி ஒளிபரப்பு ஏற்றதொரு சாதனமாகும். தஞ்சைக் குடியானவர்களுக்கு இவ்வகைப் போதனை முற்றிலும் புதிதன்று. 1960-களில் திருச்சி வானொலி நிலையத்தார் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப்பற்றி இடைவிடாது எடுத்துக் கூறியதன் பயனாக, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே வழங்கலாயிற்று. ஆனால் ரேடியோ கேட்பவர் அப்பொழுதே திருப்பிக் கேள்வி கேட்க இயலாது, இதில் இயலும்.

கைபேசியின் காமிரா வினாடிக்கு 30 படங்கள் வீதம் பிடிக்கிறது. அகலத்தில் 1,280 புள்ளிகளும் உயரத்தில் 720 புள்ளிகளும் உள்ள இப்படங்களை உள்ளவாறே அனுப்புவதாயின், வினாடிக்கு 660 மெகாபிட்டுக்கு மேல் ஆகும். கிராமத்துக் கைபேசி இணைப்பு அதனைத் தாங்காது. ஆகையால் முதலில் ஒரு முழுப் படமும், பிறகு அடுத்தடுத்த படங்களில் மாறிய பாகம் மட்டுமே அனுப்பப்படுகின்றன. நடவு செய்வோரின் கை அசைகிறது; வரப்பு அசைவதில்லை. அசையாததை ஓயாமல் அனுப்புவானேன்? இவ்விதம் சுருக்கியபின் வினாடிக்கு சுமார் 2½ மெகாபிட்டே போதும். காற்றில் ஆடும் பயிரைப் பரக்கக் காட்டினால் படம் கலங்குவதற்குக் காரணமும் இதுவே. அங்கே அசையாத பாகமே இல்லை. ஒரு குத்தை அருகிலிருந்து காட்டுவது மேல்.

சுருக்கிய காட்சி யூடியூப் போன்ற நிலையத்தாரின் கம்ப்யூட்டருக்குச் சென்று, அங்கே சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, பல தரங்களில் வைக்கப்படுகிறது. பார்ப்பவரின் கைபேசி தன் இணைப்பின் வேகத்திற்கேற்ற தரத்தைத் தெரிந்தெடுத்து, சில துண்டுகளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே காட்டுகிறது. ஆதலால் வயலில் நடப்பது பார்ப்பவருக்குப் பல வினாடிகள், சில சமயம் அரை நிமிஷம், பிந்தியே தெரியும். “கேள்வி உண்டா?” என்று வினவி உடனே அடுத்த விஷயத்திற்குச் செல்லும் போதகருக்குக் கேள்வியே வராது. அவர் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

நிற்க, ஏற்பாடுகளைக் கவனிப்போம். யூடியூபில் முதன்முறையாக ஒளிபரப்ப அனுமதி கோரினால் 24 மணி நேரம் வரை ஆகக்கூடும். காட்சியன்று காலையில் விண்ணப்பிப்பது வீண். முந்திய நாள் அதே வயலில், அதே வேளையில், இணைப்பின் அனுப்பும் வேகத்தைச் சோதித்தல் அவசியம். பலரும் பார்ப்பது இறக்கும் வேகத்தையே. இங்கு வேண்டுவது ஏற்றும் வேகம். அது 5 மெகாபிட் இருந்தால் 2½ மெகாபிட்டில் அச்சமின்றி அனுப்பலாம். ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 1.1 கிகாபைட் செலவாகும். கைபேசியை முக்காலியில் குறுக்காகப் பொருத்தி, வெயில் படாமல் குடை பிடித்தல் நலம். சூடேறினால் அது தானே நின்றுவிடும். நடுவே அழைப்பு வந்து காட்சி தடைப்படாதவாறு அழைப்புகளை நிறுத்தி வைக்கவேண்டும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது ஒலி. படம் சற்று மங்கினும் பாதகமில்லை; சொல் தவறினால் பயிர் போய்விடும். களைக்கொல்லி அளவை ‘எக்டேருக்கு’ என்று போதகர் கூற, காற்றிரைச்சலில் ‘ஏக்கருக்கு’ என்று கேட்டவர் ஏறக்குறைய 2½ பங்கு மருந்தைத் தெளித்துவிடுவார். நாற்று கருகியபின் பழி ஒளிபரப்பின்மேல் வருமேயன்றி, காற்றின்மேல் வராது. ஆதலின் சட்டையில் குத்தும் சிறு மைக்கைப் பஞ்சுறையிட்டுப் பயன்படுத்துவதோடு, எல்லா அளவுகளையும் ஏக்கர்க் கணக்கிலேயே கூறி, கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, காமிராவின் முன் அரை நிமிஷமாவது நிறுத்திக் காட்டவேண்டும். வேறொரு கைபேசியில் ஒருவர் தள்ளி நின்று ஒளிபரப்பைக் கேட்டு வந்தால், ஒலி அறுந்த இடத்தை உடனே தெரிவிக்கலாம்.

ஒளிபரப்பு முடிந்தபின் அதன் பதிவு நிலையத்திலேயே தங்கும். ஏதேனும் ஓர் அளவு பிழையாகச் சொல்லப்பட்டிருப்பின், அப்பகுதியை அன்றைக்கே வெட்டி நீக்கிவிட்டு, பார்த்த குடியானவர்களுக்குக் கிராம அதிகாரி மூலம் திருத்தம் அனுப்பவேண்டும்.